கற்பனை வீரருக்கு எவ்வளவு சம்பளம்?

2008 பிப்ரவரி 20 அன்று மும்பையில் ஐபிஎல் போட்டியின் முதல் வீரர் ஏலம் நடந்தது. ஒவ்வோர் அணியும் வீரர்களுக்காகச் செலவழிக்க அனுமதிக்கப்பட்ட தொகை 50 லட்சம் டாலர். தோனியின் பெயர் வந்ததும் சென்னையும் மும்பையும் விடாமல் விலையை ஏற்றின. தொகை 15 லட்சம் டாலரைத் தொட்டபோது மும்பை ஒதுங்கிக்கொண்டது. சச்சின் டெண்டுல்கர் மும்பையின் 'ஐகான்' வீரர். அணியில் மிக அதிக விலைக்கு ஏலம் போனவரைவிட 15 சதவீதம் கூடுதலாக ஐகான் வீரருக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. தோனிக்கு 15 லட்சம் என்றால் சச்சினுக்கு 17.25 லட்சம். இரண்டே பேருக்கு 32.25 லட்சம் போய்விட்டால், மிச்சமுள்ள 17.75 லட்சத்தில் ஓர் அணியை எப்படிக் கட்டுவது? சென்னைக்கு ஐகான் வீரர் இல்லை. அதனால் இந்தக் கவலையும் இல்லை.

நட்சத்திரங்களுக்கு மரியாதை செய்வதற்காக எழுதப்பட்ட விதி அது. தோனியைச் சென்னைக்கு அனுப்பிவைக்கும் எண்ணம் அதை எழுதியவர்களுக்கு இருந்திருக்க வாய்ப்பில்லை. இந்தச் சிக்கலை முன்கூட்டியே மோப்பம் பிடித்தவர் வி.வி.எஸ். லட்சுமணன். ஹைதராபாத் அணியின் கையில் ஏலத்துக்குக் கூடுதல் பணம் இருக்கட்டும் என்று ஐகான் தகுதியையே வேண்டாமென்று விட்டுக்கொடுத்தார்.

சம்பள விதியில் வரும் ஒரு சதவீதக் கணக்கு, யார் எங்கே ஆடுவார் என்பதையே மாற்றிவிடும். இதை நாள்தோறும் அனுபவிக்கும் ஒரு கூட்டம் இணையத்தில் இருக்கிறது. இணைய விளையாட்டு மேலாண்மை ஆட்டங்களை உருவாக்குபவர்களும், அவற்றை வருடக்கணக்கில் ஆடுபவர்களும்தான் அவர்கள். இந்த ஆட்டங்களில் யாரும் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு கோல் அடிப்பதில்லை. ஒரு கிளப்பின் மேலாளராக உட்கார்ந்து வீரரை வாங்குவது, விற்பது, பயிற்சி கொடுப்பது, வாரம் தவறாமல் சம்பளம் கொடுப்பது ஆகியவையே ஆட்டம். போட்டியைக் கணினி நடத்திக்கொள்ளும். எதிரணியின் மேலாளரும் உலகின் ஏதோவொரு மூலையில் இருக்கும் உண்மையான மனிதர்.

இவற்றுள் பழையதும் பேர்பெற்றதும் ஸ்வீடனில் 1997 ஆகஸ்டில் தொடங்கிய 'ஹாட்ரிக்' என்ற கால்பந்து மேலாண்மை ஆட்டம். 2009 வாக்கில் அதை ஆடியவர்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தை நெருங்கியது. இந்தியாவுக்கும் அதில் தனி லீக் உண்டு. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு எதிராக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியதை வாசகர்கள் அறிவார்கள். ஹாட்ரிக் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. சந்தா கட்டினால் சில வசதிகள் கூடும், களத்தில் எந்தச் சாதகமும் கிடைக்காது. அங்கே செலவாவதெல்லாம் மனிதர்களின் நேரம். வீரர் சம்பளச் சூத்திரம் பற்றிய விவாதத்துக்கு அடிப்படையே அந்த நேரம்தான்.

நியாயமான சம்பளம் என்றதும் வேலைக்கேற்ற கூலி என்றே மனம் போகும். கற்பனை வீரருக்கோ வயிறும் கிடையாது, வாடகையும் கிடையாது. அவருக்குக் குறைத்துக் கொடுத்தால் போராட்டம் வராது, கூட்டிக் கொடுத்தால் நன்றியும் வராது. ஆகவே இங்கே நியாயம் என்பது வீரரைச் சேர்ந்த விஷயமே அல்ல. ஒரு மேலாளருக்கும் இன்னொரு மேலாளருக்கும் இடையில், பழையவருக்கும் புதியவருக்கும் இடையில், நேற்றைய விதியை நம்பி இரண்டு வருடம் உழைத்தவருக்கும் அந்த விதியை இன்று மாற்றும் நிறுவனத்துக்கும் இடையில் இருக்க வேண்டிய நியாயம் அது. பெரும்பாலான வடிவமைப்பாளர்கள் முதல் இரண்டில் மிகுந்த கவனம் செலுத்துகிறார்கள். மூன்றாவதில்தான் கோட்டைவிடுகிறார்கள்.

அடிப்படையிலிருந்து பார்ப்போம். ஆட்டத்துக்குள் பணம் எங்கிருந்து வருகிறது? டிக்கெட் வசூல், விளம்பரதாரர் தரும் தொகை, பரிசுப் பணம். எங்கே போகிறது? ஒரு கிளப் இன்னொரு கிளப்பிடமிருந்து வீரரை வாங்கும்போது தரகுத் தொகை தவிர மற்றதெல்லாம் கைமாறுகிறதே ஒழிய ஆட்டத்தைவிட்டு வெளியே போவதில்லை. வாரச் சம்பளமோ நிரந்தரமாக மறைந்துவிடுகிறது. ஏரிக்கு மதகு எப்படியோ, இந்தப் பொருளாதாரத்துக்குச் சம்பளம் அப்படி. அதைத் திறக்காவிட்டால் எல்லோர் கையிலும் பணம் சேர்ந்து, ஏல விலை எகிறி, நேற்று சேர்ந்த புது ஆளால் ஒரு சுமாரான கோல்கீப்பரைக்கூட வாங்க முடியாமல் போகும். ஆக, பெயரளவில்தான் அது சம்பளம். செய்வது வரியின் வேலை.

வரி என்று எடுத்துக்கொண்டால் அடுத்த கேள்வி உடனே வந்துவிடும். பலமானவரிடம் எவ்வளவு வாங்குவது?

ஹாட்ரிக்கில் திறனுக்கு எண்ணோடு சேர்த்து ஒரு பெயரும் உண்டு. 'இல்லவே இல்லை' என்ற பூஜ்யத்தில் தொடங்கி 'பேரழிவு', 'மோசம்', 'சுமார்' என்று ஏறி, 13இல் 'உலகத்தரம்', 15இல் 'டைட்டானிக்', 16இல் 'வேற்றுக்கிரகம்' என்றெல்லாம் போய், 20ஆம் படியில் 'தெய்வீகம்' வரும். ஸ்வீடன்காரர்களின் நகைச்சுவை அது. இப்படி ஏறும் திறனுக்குச் சம்பளமும் நேர்கோட்டில் ஏறினால் என்ன ஆகும்? 10ஆம் படி வீரருக்கு ஆயிரம், 20ஆம் படி வீரருக்கு இரண்டாயிரம் என்று வைப்போம். இரண்டு மடங்கு வருமானம் உள்ள கிளப், இரண்டு மடங்கு திறனுள்ள அணியை வைத்துக்கொள்ளும். களத்தில் இறங்குவது பதினோரு பேர்தான் என்பதால் இடம்தான் இங்கே அரிய பொருள். பணம் இருப்பவர் ஒவ்வோர் இடத்தையும் ஆகச் சிறந்தவரைக் கொண்டு நிரப்பிக்கொண்டே போவார். ஜெயிப்பவருக்கு வருமானம் கூடும், வருமானம் கூடியவர் மறுபடியும் ஜெயிப்பார். லீக் இரண்டே வருடத்தில் செத்துப்போகும்.

ஆகவே பெருக்கல் விகிதத்துக்குப் போகிறார்கள். 5ஆம் படிக்கு ஆயிரம் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் 20 சதவீதம் ஏற்றிப் பார்க்கலாம். 10ஆம் படி வீரருக்கு 2,488 வரும். 20ஆம் படி வீரருக்கு 15,407. திறன் இரண்டு மடங்கு, சம்பளம் ஆறு மடங்குக்கும் மேல். இப்போது இரண்டு மடங்கு பணம் வைத்திருப்பவரின் அணி 10இலிருந்து 20க்குப் போகாது, 14ஐக்கூட எட்டாது. பணக்காரருக்கும் நடுத்தரத்துக்கும் உள்ள இடைவெளி சட்டென்று சுருங்குகிறது.

ஆனால் இதற்கும் விலை உண்டு. அதே சூத்திரத்தில் 10ஆம் படி வீரர்கள் பதினோரு பேரை வைத்துக்கொள்ள 27,368 செலவாகும். ஏறக்குறைய அதே பணத்தில் ஒரேயொரு தெய்வீக வீரரை எடுத்தால், மிச்சமுள்ள பத்துப் பேரும் 6ஆம் படியில் இருக்க வேண்டியதுதான். மொத்தத் திறன் 110க்குப் பதில் 80. கணக்குத் தெரிந்த எவரும் அந்த நட்சத்திரத்தைத் தொட மாட்டார். ஏற்றத்தை 10 சதவீதமாகக் குறைத்தால் அதே பரிமாற்றத்தில் மொத்தத் திறன் 100 அளவில் நிற்கும். நட்சத்திரத்தை வைத்துக்கொள்வது அப்போது நஷ்டம்தான் என்றாலும் தற்கொலை இல்லை. ஜனங்கள் விளையாட்டுக்கு வருவதே ஒரு மாரடோனாவை வளர்த்துப் பார்க்கத்தான். அவரை வைத்துக்கொள்வதே முட்டாள்தனம் என்று சூத்திரம் சொன்னால் சமத்துவம் மிஞ்சும், ஆட்டத்தின் ருசி போய்விடும். 10க்கும் 20க்கும் இடையில் எங்கே நிற்பது என்பதைக் கணிதம் சொல்லாது. எந்த மாதிரி லீக் வேண்டும் என்று முடிவு செய்பவர்தான் சொல்ல வேண்டும்.

நிஜ உலகமும் இந்த ஏற்ற விகிதத்தோடு மல்லாடியதுதான். இங்கிலாந்துக் கால்பந்தில் 1961 வரை வாரச் சம்பள உச்சவரம்பு 20 பவுண்டு. எத்தனை பெரிய நட்சத்திரமானாலும் அவ்வளவுதான். வரம்பை எடுத்ததும் ஃபுல்ஹாம் அணி ஜானி ஹெய்ன்ஸுக்கு 100 பவுண்டு கொடுத்தது. திறனில் சிறு வித்தியாசம் வருமானத்தில் ஏன் மலையளவு வித்தியாசமாக மாறுகிறது என்பதை விளக்கிப் பொருளியலாளர் ஷெர்வின் ரோசன் 1981இல் எழுதிய கட்டுரை இன்றும் பாடமாக இருக்கிறது. ஹாட்ரிக்கின் செங்குத்தான சம்பளப் படிகள் அந்த வகையில் நிஜத்தை ஒட்டியவை.

ஏற்ற விகிதத்தைத் தீர்மானித்தாயிற்று என்று வைத்துக்கொண்டாலும் வேலை முடிவதில்லை. ஒரு வீரரிடம் ஒரு திறன் மட்டும் இருப்பதில்லையே. கோல்கீப்பிங், தடுப்பாட்டம், ஆட்டக்கட்டமைப்பு, விங், பாஸ், கோலடித்தல், ஃப்ரீகிக் முதலிய செட்பீஸ் என்று ஹாட்ரிக்கில் ஏழு உண்டு. முதன்மைத் திறனுக்கு முழு எடை, மற்றவற்றுக்குக் குறைந்த எடை என்ற ரீதியில் சம்பளம் போடப்படுகிறது. உடனே விவரமான மேலாளர்கள் என்ன செய்வார்கள்? ஒரே திறனில் வானத்தைத் தொடும் வீரரை விட்டுவிட்டு, ஆட்டக்கட்டமைப்பு, பாஸ், தடுப்பு மூன்றிலும் நன்றாக இருக்கும் மிட்ஃபீல்டரை வளர்ப்பார்கள். களத்தில் பயன் அதிகம், சம்பளம் கம்மி. இதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. விதியைப் படித்ததற்குக் கிடைத்த பரிசு அது.

'பஸ்ஸர்பீட்டர்' என்ற கூடைப்பந்து மேலாண்மை ஆட்டத்தில் வேறு வழி. ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி எடைகளை வைத்துச் சம்பளத்தைக் கணக்கிட்டு, எது அதிகமோ அதைக் கொடுக்கச் சொல்கிறது. கூடைக்கு அடியில் நிற்கும் 'சென்டர்' நிலைக்கு ஏற்ற திறன் உள்ளவரை நீங்கள் வெளியே நிறுத்தி ஆடவிட்டாலும் சென்டருக்கு உரிய சம்பளம்தான். செய்கிற வேலைக்குச் சம்பளமா, செய்யக்கூடிய வேலைக்குச் சம்பளமா என்ற பழைய தகராறு இது.

அமெரிக்கக் கால்பந்தில் இந்தத் தகராறு நடுவர் மன்றம் வரை போயிருக்கிறது. என்எஃப்எல் அணிகள் தங்கள் வீரர் ஒருவரை ஓராண்டுக்குக் கட்டாயமாகத் தக்கவைத்துக்கொள்ள 'ஃப்ராஞ்சைஸ் டேக்' என்றொரு விதி உண்டு. அதற்கான சம்பளம், வீரர் ஆடும் நிலையில் மிக அதிகம் வாங்கும் ஐந்து பேரின் சம்பளத்தை அடிப்படையாக வைத்துக் கணக்கிடப்படுகிறது. 2014இல் நியூ ஆர்லியன்ஸ் அணி ஜிம்மி கிரஹாமை 'டைட் எண்ட்' என்று வகைப்படுத்தியது. அப்படியானால் சுமார் 70 லட்சம் டாலர். தான் பெரும்பாலும் 'வைட் ரிசீவர்' நிற்கும் இடத்திலேயே நிறுத்தப்பட்டதாக அவர் வழக்காடினார். அது ஏற்கப்பட்டிருந்தால் சுமார் 1 கோடியே 23 லட்சம் டாலர். நடுவர் அணியின் பக்கம் தீர்ப்பளித்தார். ஒரு பெயர்ப்பலகைக்கு 50 லட்சம் டாலர் வித்தியாசம்!

நம் ஊர் உதாரணமும் இதற்குச் சளைத்ததல்ல. ஐந்து காலண்டர் ஆண்டுகளாகச் சர்வதேசப் போட்டி ஆடாத இந்திய வீரரை 'சர்வதேச அனுபவம் இல்லாதவர்' பிரிவில் சேர்க்கலாம் என்ற விதி 2025 ஐபிஎல் பருவத்துக்குத் திரும்பி வந்தது. உலகக் கோப்பையை வென்ற கேப்டன் தோனி அந்தப் பிரிவில் 4 கோடி ரூபாய்க்குச் சென்னையில் தக்கவைக்கப்பட்டார். அதே பருவத்துக்கான ஏலத்தில் ரிஷப் பந்துக்கு லக்னோ கொடுத்தது 27 கோடி. பட்டியலை வைத்துச் சம்பளம் போடும் எந்தச் சூத்திரத்திலும் எல்லைக்கோட்டில் நிற்பவரை வைத்து ஒரு சாதுரியம் நடக்கும்.

இணைய ஆட்டங்களைப் பொறுத்தவரை பஸ்ஸர்பீட்டரின் வழியே மேல். செய்கிற வேலைக்குத்தான் சம்பளம் என்று வைத்தால், சம்பளம் கணக்கிடப்படும் நாளில் மட்டும் வீரரை மலிவான நிலைக்கு மாற்றிவிட்டு மறுநாள் திருப்பி அழைத்துக்கொள்ளும் கூத்து தொடங்கிவிடும். செய்யக்கூடிய வேலைக்குச் சம்பளம் என்பதில் அந்தக் கூத்துக்கு இடமில்லை. ஆனால் எடைகள் போட்டியை நடத்தும் கணினி நிரலோடு ஒத்துப்போக வேண்டும். களத்தில் பத்துப் பங்கு உதவும் திறனுக்கு இரண்டு பங்கு சம்பளம் என்று இருந்தால் அங்கேதான் ஓட்டை.

ஓட்டை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வடிவமைப்பாளர் பெரிய ஆய்வெல்லாம் செய்ய வேண்டியதில்லை. ஏலச் சந்தையைப் பார்த்தால் போதும். சம்பளம் களத்தில் கிடைக்கும் பயனுக்குச் சரியாக இருந்தால், வீரரின் ஏல விலை அவரை வளர்க்க ஆன நேரத்தையும் வயதையும் ஒட்டி நிற்கும். ஒரு வகை வீரர்கள் அருமையாக ஆடியும் சந்தையில் சீந்துவாரின்றிக் கிடந்தால், சூத்திரம் அவர்களிடம் அதிகம் பிடுங்குகிறது. வேறொரு வகைக்கு அதே வயது, அதே பயிற்சி இருந்தும் அடிதடியாக விலை ஏறினால், சூத்திரம் அவர்களைச் சலுகை விலையில் விட்டுவிட்டது. மேலாளர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து வாரந்தோறும் இலவசமாகத் தணிக்கை செய்து கொடுக்கிறார்கள்.

பேஸ்பால் ரசிகர்களுக்கு இது பழகிய கதை. 2002இல் ஓக்லாண்ட் அணி சுமார் 4 கோடி டாலர் சம்பளப் பட்டியலோடு 103 ஆட்டங்களை வென்றது. 12 கோடிக்கு மேல் செலவழித்த நியூயார்க் யாங்கீஸ் அணிக்கும் அதே 103தான். அவுட் ஆகாமல் முதல் தளத்தை எட்டும் திறமைக்குச் சந்தை குறைவாக விலை வைத்திருந்ததை ஓக்லாண்டின் பில்லி பீன் கண்டுகொண்டிருந்தார். ஜான் ஹேக்ஸ், ரேமண்ட் சாவர் என்ற இரு பொருளியலாளர்கள் 2006இல் சம்பளத் தரவுகளை ஆராய்ந்து, அந்தத் திறமை மலிவாகக் கிடந்தது உண்மைதான் என்றும், விஷயம் வெளியே தெரிந்ததும் அதன் விலை ஏறிவிட்டது என்றும் காட்டினார்கள். நிஜச் சந்தை தானாகத் திருத்திக்கொள்ளும். சூத்திரத்துக்கு அந்தக் குணம் கிடையாது. யாராவது கைவைத்தால்தான் உண்டு.

அப்படியானால் சம்பளத்தையும் சந்தையிடமே விட்டுவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். இங்கிலாந்தின் ஃபேன்டசி பிரீமியர் லீக்கில் கிட்டத்தட்ட அப்படித்தான். 10 கோடி பவுண்டு கற்பனைப் பணத்தில் 15 பேரை எடுக்க வேண்டும். ஒரு வீரரை அதிகம் பேர் வாங்கினால் விலை ஒரு லட்சம் பவுண்டு ஏறும், விற்றால் இறங்கும், லாபத்தில் பாதிதான் கைக்கு வரும். ஒரு கோடிப் பேருக்கு மேல் ஆடும் ஆட்டம் அது, நன்றாகவே ஓடுகிறது. ஆனால் ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடிந்து, அடுத்த வருடம் எல்லோரும் சமமாக மறுபடி ஆரம்பிக்கிறார்கள். ஹாட்ரிக் போன்ற ஆட்டங்களுக்கு முடிவே இல்லை. அங்கே சம்பளத்தை ஏல விலையோடு கட்டிப்போட்டால், இரண்டு நண்பர்கள் தங்களுக்குள் மலிவாக விற்று வாங்கியே சம்பளத்தை இறக்கிவிடுவார்கள். சந்தையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சாவியைக் கொடுத்துவிடக் கூடாது.

அடுத்தது ரகசியம். ஹாட்ரிக் தன் சம்பளச் சூத்திரத்தை முழுதாக வெளியிட்டதில்லை. ஆடுபவர்களோ ஆயிரக்கணக்கான வீரர்களின் தகவலைத் திரட்டி அதைப் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். வீரரின் திறன் திரையில் முழு எண்ணாகத்தான் தெரியும். உள்ளே தசமத்தில் இருக்கும். சம்பளம் அந்தத் தசமத்தையும் சேர்த்துக் கணக்கிடப்படுவதால், பிறந்தநாளன்று மாறும் சம்பளத்தைப் பார்த்தே மறைந்திருக்கும் தசமத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுகிறார்கள். இதற்கென்றே ஆர்வலர்கள் எழுதிய துணை மென்பொருள்கள் உண்டு. சம்பளம் வருடத்துக்கு ஒருமுறை பிறந்தநாளில் மட்டுமே மாறும் என்பதால், இன்னொரு வித்தையும் உண்டு. பிறந்தநாள் கழிந்த மறுவாரம் திறன் ஏறினால், அடுத்த பிறந்தநாள்வரை பழைய சம்பளத்திலேயே ஓட்டலாம். ஆட்டத்தின் ஓராண்டு 112 நாள். அதுவரை லாபம்.

சூத்திரத்தை வெளியிட்டால் ஆட்டம் வெறும் கணக்குப் பாடமாகிவிடும் என்பது நிறுவனங்களின் வாதம். கணக்குப் பாடம் ஏற்கனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களை மட்டும் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். பத்து வருடமாக எக்ஸெல் அட்டவணை வைத்திருப்பவருக்கு ரகசியம் ஒரு பொருட்டல்ல. போன மாதம் வந்தவர், ஏலத்தில் மலிவாகக் கிடைத்தாரே என்று சந்தோஷப்பட்டு வாங்கிய 31 வயது நட்சத்திரத்தின் சம்பளத்தைப் பார்த்து ஆறாவது வாரத்தில் கதிகலங்குவார். எது எதற்கு எவ்வளவு எடை என்பதை உதவிப் பக்கத்தில் ஓர் அட்டவணையாகப் போட்டுவிடுவதில் எந்த நஷ்டமும் இல்லை. கணினி நடத்தும் போட்டியின் நிரல் ரகசியமாகவே இருக்கட்டும். மர்மத்துக்கு அந்த இடம் போதும்.

இப்போது மூன்றாவது நியாயத்துக்கு வருவோம். ஹாட்ரிக்கில் 17 வயதில் கிடைக்கும் பையனை 30 வயதுவரை வைத்திருந்தால் 13 பருவங்கள். ஒரு பருவத்துக்கு 16 வாரம். 13ஐ 112ஆல் பெருக்கினால் 1,456 நாள். அதாவது நிஜ வாழ்க்கையில் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள். ஒருவர் கல்லூரியில் சேர்ந்து பொறியியல் பட்டம் வாங்கி வெளியே வரும் காலம். அவ்வளவு நாளும் ஒவ்வொரு வாரமும் எந்தப் பயிற்சி, யாரை எங்கே நிறுத்துவது என்று அன்றைய சூத்திரத்தை நம்பித்தான் மேலாளர் முடிவெடுத்திருப்பார். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நிறுவனம் எடைகளை மாற்றிவிட்டால், அந்த நான்கு வருட உழைப்பின் சந்தை விலை மதியத்துக்குள் பாதியாகலாம். சூத்திரத்தில் ஓட்டை இருந்தது உண்மையாகவே இருக்கட்டும். அந்த ஓட்டையை வெட்டியவர் மேலாளர் இல்லையே.

திடீர் மாற்றம் என்ன செய்யும் என்பதற்கு என்பிஏ கூடைப்பந்து நல்ல சாட்சி. அங்கே அணிகளின் சம்பள உச்சவரம்பு லீக்கின் வருமானத்தோடு இணைக்கப்பட்டது. புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தால் 2016 கோடையில் வரம்பு 7 கோடி டாலரிலிருந்து ஒரே தாவலில் 9 கோடியே 41 லட்சத்துக்கு ஏறியது. படிப்படியாக ஏற்றலாம் என்று லீக் சொன்ன யோசனையை வீரர்கள் சங்கம் மறுத்துவிட்டது. எல்லா அணிகளின் கையிலும் திடீர்ப் பணம். அந்த ஆண்டு 73 ஆட்டங்களை வென்று சாதனை படைத்திருந்த கோல்டன் ஸ்டேட் அணிக்கே கெவின் டுராண்டைச் சேர்த்துக்கொள்ள இடம் கிடைத்தது. சாதாரண ஆண்டில் அது நடக்கவே வழியில்லை. நடுத்தர வீரரான டிமோஃபி மோஸ்கோவுக்கு லேக்கர்ஸ் அணி நான்கு வருடத்துக்கு 6 கோடியே 40 லட்சம் டாலர் எழுதிக்கொடுத்தது. கோல்டன் ஸ்டேட் அடுத்தடுத்து இரண்டு கோப்பைகளை வென்றது. பின்னர் வந்த ஒப்பந்தத்தில் வரம்பு ஓராண்டில் 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று எழுதிச் சேர்த்தார்கள்.

அந்தப் பத்து சதவீதக் கட்டுப்பாட்டைத்தான் இணைய ஆட்டங்கள் கடன் வாங்க வேண்டும். எந்த எடையும் ஒரு பருவத்தில் இவ்வளவுக்கு மேல் மாறாது என்று விதிப்புத்தகத்தில் முதலிலேயே இருந்தால், மேலாளர் அதைக் கணக்கில் வைத்தே பயிற்சியைத் திட்டமிடுவார்.

மேலாளர்களுக்கு இடையிலான நியாயம் என்ற கண்ணால் பார்த்தால் ஹாட்ரிக்கின் இன்னொரு விதியும் உறுத்துகிறது. தாய்நாட்டுக்கு வெளியே ஆடும் வீரருக்கு 20 சதவீதம் கூடுதல் சம்பளம். உள்ளூர் பையன்களை வளர்க்கத் தூண்டும் நல்ல நோக்கம்தான். ஆனால் ஸ்வீடன் போல ஆயிரக்கணக்கான கிளப்கள் இருக்கும் நாட்டில் உள்ளூர்ச் சந்தையிலேயே எல்லா வகையும் கிடைக்கும். சில நூறு பேர் மட்டும் ஆடும் நாட்டில், தேவையான வீரர் பெரும்பாலும் வெளிநாட்டவராகத்தான் இருப்பார். எல்லோருக்கும் ஒரே விகிதம் என்பது சிறிய நாட்டின் தலையில் கூடுதல் சுமையாக விழுகிறது. நாட்டின் கிளப் எண்ணிக்கையை ஒட்டி இந்த விகிதத்தை மாற்றியமைப்பது பெரிய காரியமில்லை.

மறுபடியும் சூத்திர மாற்றத்துக்கு வருவோம். மாற்றத்தை முன்கூட்டி அறிவித்தாலும் சிக்கல் தீராது என்று ஒரு மறுப்பு உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. இரண்டு பருவம், அதாவது 32 வாரம் கழித்துச் சூத்திரம் மாறும் என்று இன்று சொன்னால், விலை சரிவதற்கு 32 வாரம் ஆகாது. அன்று இரவே சரிந்துவிடும். விழித்திருந்தவர் விற்றுத் தப்பிப்பார், ஊருக்குப் போயிருந்தவர் மாட்டிக்கொள்வார். ஆகவே அறிவிப்போடு இன்னொன்றும் வேண்டும். ஏற்கனவே கிளப்களில் இருக்கும் வீரர்களுக்கு ஓய்வு பெறும்வரை பழைய சூத்திரம், இனிமேல் இளைஞர் அணியிலிருந்து வருபவர்களுக்குப் புதியது. நான்கு ஆண்டுகளுக்கு இரண்டு சூத்திரங்கள் பக்கம்பக்கமாக ஓடும். அந்தக் காலத்தில் பழைய மலிவு வீரர்களுக்குச் சந்தையில் கொஞ்சம் கிராக்கி இருக்கும். அது காலப்போக்கில் தானே கரைந்துவிடும் லாபம். இரண்டு கணக்கு வைத்திருப்பது அலங்கோலம் என்று நிரலாளர்கள் முகம் சுளிக்கலாம். நிரலில் அதற்கு வேண்டியது, வீரர் வந்து சேர்ந்த தேதியைப் பார்த்து எந்தச் சூத்திரம் என்று பிரித்துவிடும் ஒரு வரி.